வடக்கு கிழக்கைப் பற்றிப் புனைபெயரில் எழுதப் போகிறவர்களுக்கு: முதல் பதிவுக்கு முன் செய்ய வேண்டியவை

இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் காணி பறிபோவதைப் பற்றி, காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களைப் பற்றி, ஊருக்குள் இன்னும் நிற்கும் முகாம்களைப் பற்றி எழுத விரும்பும் புதியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "பெயர் போடாமல் எழுதினால் யார் நம்புவார்கள்?" நம்புவார்கள். ஆனால் பெயர் செய்யும் வேலையை அப்போது வேறொன்று செய்ய வேண்டும். வர்த்தமானி (அரசிதழ்) இலக்கம், கிராம அலுவலர் பிரிவு, திகதி, செய்மதிப் படம் என்று வாசகர் தானே போய்ச் சரிபார்க்கக்கூடிய ஏதாவது ஒன்று ஒவ்வொரு பதிவிலும் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். புனைபெயர் உங்களைத்தான் மறைக்கும், உங்களோடு பேசியவரை மறைக்காது. பதிவு வெளியான மறுநாள் வீட்டு வாசலில் விசாரணைக்கு வந்து நிற்பது பெரும்பாலும் எழுதியவரிடம் அல்ல, பேசியவரிடம். கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் அவருக்காகத்தான்.

முதல் பதிவுக்கு முன் ஒரு மாதம் ஒதுக்குங்கள். செலவைச் சுருக்கினால் ஒரு யூஎஸ்பி குச்சியின் விலையோடு முடிக்கலாம்.

1. யாரிடமிருந்து மறைகிறீர்கள் என்று தாளில் எழுதுங்கள்

"எல்லோரிடமிருந்தும்" என்பது விடை அல்ல. ஊராரும் உறவினரும் அறியக்கூடாது என்றால் தனி மின்னஞ்சலும் வாய் அடக்கமும் போதும். நீங்கள் ஆசிரியரோ பிரதேச செயலக ஊழியரோ என்றால் முதல் ஆபத்து வேலைத்தலத்தில் இருக்கிறது. அரச ஊழியர் ஊடகத்துக்குக் கருத்துச் சொல்வதைத் தாபன விதிக்கோவை கட்டுப்படுத்துகிறது. சமூக ஊடகப் பதிவுகளையும் சேர்த்து எச்சரிக்கும் சுற்றறிக்கை ஒன்று 2022 செப்டெம்பரில் வந்தது. புலனாய்வாளரிடமிருந்தோ நீதிமன்ற ஆணையிலிருந்தோ மறைய வேண்டும் என்றால் மூன்றாம் படியில் உள்ள எதையும் விட முடியாது.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். உங்களுக்கு ஆபத்துக் குறைவு என்பதால் உங்கள் கை தாராளமாகிவிடும். அந்தத் தாராளத்தின் விலையைக் கொடுப்பவர் ஊரில் இருக்கிறார். ஆகவே எழுதுபவருக்கு ஒரு பட்டியல், பேசியவருக்கு ஒரு பட்டியல் என்று இரண்டு போடுங்கள்.

2. எந்தச் சட்டம் உங்கள் மேல் பாயலாம்

1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், 2022 திருத்தத்துக்குப் பிறகும் 12 மாதங்கள் வரை தடுப்பாணையில் வைக்கலாம். 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாய) சட்டத்தின் 3 ஆம் பிரிவு, பகைமையைத் தூண்டுவதாகச் சொல்லி எழுத்தின் மேலும் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், பொய்யான கூற்று என்று முடிவானதை 24 மணித்தியாலத்துக்குள் நீக்கச் சொல்லும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவுக்குக் கொடுக்கிறது. "கவிதைதானே, கட்டுரைதானே" என்று இருந்துவிட வேண்டாம். மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாஃப் ஜசீம் தமிழ்க் கவிதைத் தொகுப்பு ஒன்றின் பேரில் 2020 மே மாதம் கைதானார், பிணையில் வந்தது 2021 டிசம்பரில்.

அதிகம் பேர் விழும் குழி படங்கள். நினைவேந்தலில் எடுத்த படத்தின் பின்னணியில் தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் கொடியோ இலச்சினையோ தலைவரின் உருவமோ தெரிந்தால், உங்கள் கட்டுரையில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்கப் போவதில்லை. இந்தியாவிலும் பிரித்தானியாவிலும் அந்த இயக்கம் தடைப்பட்டியலில்தான் இருக்கிறது. ஆகவே கடல் கடந்து இருப்பவர்களும் படத்தின் மூலை முடுக்கெல்லாம் பார்த்த பிறகே ஏற்றுங்கள்.

3. பெயர், மின்னஞ்சல், தளம்

இந்த வரிசையில் செய்யுங்கள். வரிசை மாறினால் பழைய தடயம் புதிய பெயரோடு ஒட்டிக்கொள்ளும்.

முதலில் பெயர். உங்கள் ஊர், குலதெய்வம், பிள்ளையின் பெயர், கல்லூரியின் பெயர் எதுவும் அதற்குள் வரக்கூடாது. முன்பு கவிதைக்கு வைத்திருந்த புனைபெயரும் வேண்டாம்.

அடுத்தது கருவி. 8 ஜிபி யூஎஸ்பி குச்சி ஒன்றில் டெயில்ஸ் இயங்குதளத்தை இறக்கி, கணினியை அதிலிருந்து தொடக்கினால் எல்லா இணைப்பும் உங்கள் இருப்பிடத்தை மறைக்கும் டோர் வலையமைப்பு வழியாகப் போகும், கணினியில் எதுவும் தங்காது. தமிழ்நெட் 99 விசைப்பலகைத் தளக்கோலத்தை அதில் சேர்த்துக்கொள்ளலாம். பழைய பாமினி எழுத்துருவில் பழகிய கைக்கு இரண்டு வாரப் பயிற்சி தேவைப்படும். அந்த நாட்களையும் கணக்கில் வையுங்கள். டெயில்ஸ் முடியாதவர்கள் குறைந்தது டோர் உலாவியையாவது பயன்படுத்துங்கள்.

பிறகு, அந்த உலாவிக்குள் இருந்தபடியே மின்னஞ்சல் திறவுங்கள். தொலைபேசி இலக்கம் கேட்டால் அந்தச் சேவையை விட்டுவிடுங்கள். இலங்கையில் சிம் அட்டை அடையாள அட்டை இலக்கத்தோடு பதிவானது. அடுத்தவர் பெயரில் சிம் வாங்குவது, உங்கள் ஆபத்தைத் தூக்கி அவர் மடியில் வைப்பது. மறைகுறியீட்டு மின்னஞ்சல் என்றாலே பெயர் தெரியாது என்றும் எண்ண வேண்டாம். 2021 இல் சுவிஸ் அதிகாரிகளின் சட்டபூர்வ ஆணைக்குப் பணிந்து, பிரெஞ்சு காலநிலைச் செயற்பாட்டாளர் ஒருவரின் ஐபி முகவரியைப் புரோட்டோன் நிறுவனம் கொடுத்தது. கடிதத்தின் உள்ளடக்கம் பூட்டித்தான் இருந்தது. யார் எங்கிருந்து திறந்தார் என்பது பூட்டப்படவில்லை. விபிஎன் (உங்கள் இணைப்பை இன்னொரு நிறுவனத்தின் வழியாக அனுப்பும் சேவை) விடயமும் இதே போலத்தான். அது உங்கள் இணைய நிறுவனத்துக்கு மறைப்பதை விபிஎன் நிறுவனத்துக்குக் காட்டிவிடும்.

கடைசியில் தளம். தொடக்கத்துக்கு இலவச வேர்ட்பிரஸ் அல்லது புளொக்கர் போதும். சொந்த டொமைன் வேண்டுமென்றால் வருடத்துக்குப் பெரும்பாலும் 10 முதல் 15 டொலர். ஆனால் பணம் கட்டிய அட்டையில் உங்கள் பெயர் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். டொட் எல்கே முடிவு வேண்டாம், அதன் பதிவேடு இலங்கையிலேயே இருக்கிறது.

தளம் திறந்ததும் நான்கு இடங்களைப் பாருங்கள்:

- நேர வலயத்தை யூடிசி (உலகப் பொது நேரம்) ஆக்குங்கள். இல்லாவிட்டால் ஓடைக் கோப்பிலோ (ஃபீட்) பக்கத்தின் மூலக் குறியிலோ பதிவின் நேரத்தோடு +05:30 என்று உங்கள் நேர வலயம் வந்து நிற்கலாம்.
- உங்கள் பழைய தளத்தில் வைத்திருந்த கூகுள் அனலிட்டிக்ஸ் அல்லது அட்சென்ஸ் இலக்கத்தைப் புதியதில் போட வேண்டாம். ஒரே இலக்கம் உள்ள தளங்களைத் தேடித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.
- பின்னூட்டத்தில் தோன்றும் சிறு படம் கிராவதாரிலிருந்து வருகிறது என்றால் அது உங்கள் மின்னஞ்சலின் சுருக்கக் குறியீட்டோடு கட்டப்பட்டது. அதை அணைத்துவிடுங்கள்.
- கணக்கு மாறிப் பின்னூட்டம் போடுவதே மிகப் பழைய, மிகச் சாதாரணமான விபத்து. சொந்தப் பெயரில் திறந்திருக்கும் உலாவியில் புனைபெயர்த் தளத்தைப் பார்க்கவே வேண்டாம்.

பேஸ்புக் பக்கத்தைச் சில மாதங்கள் தள்ளிப் போடுங்கள். அது மெய்ப்பெயரைக் கேட்கும். தொடர்பு இலக்கங்களை வைத்து உங்கள் மாமாவுக்கு உங்களையே "தெரிந்தவராக இருக்கலாம்" என்று அறிமுகம் செய்தும் வைக்கும்.

4. உங்கள் தமிழே உங்களைக் காட்டிக்கொடுக்கும்

தொழில்நுட்பத்தில் கவனமாக இருப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

நம் எழுத்தில் ஊர் இருக்கிறது. "ஒக்டோபர், ஓகஸ்ட், பொலிஸ், ரீச்சர்" என்று எழுதுபவர் ஈழத்தவர். "அக்டோபர், ஆகஸ்ட், போலீஸ், டீச்சர்" என்று எழுதுபவர் தமிழ்நாட்டுக்காரர். "மறுகா" என்ற ஒரு சொல் போதும், எழுதியவருக்கு மட்டக்களப்புத் தொடர்பு இருக்கிறது என்று காட்ட. "வெளிக்கிட்டு", "கதைச்சவை", "என்ன மாதிரி" வடக்கைக் காட்டும். ஊர் தெரிவதில் பெரிய குற்றமில்லை, அது எழுத்துக்கு உயிர். ஆனால் முல்லைத்தீவைப் பற்றி எழுதுபவர் பத்துப் பேர்தான் என்றால், அதில் மட்டக்களப்புத் தமிழ் எழுதுபவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அதைவிட நுணுக்கமானது எழுத்துக்குறி. 'கொ' என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: 'க' வோடு ஒரே குறியாக 'ொ', அல்லது 'ெ' யும் 'ா' வும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்றுதான், தேடலுக்கு வேறு. பாமினியில் தட்டி எழுத்துரு மாற்றியில் போட்டவரின் உரையிலும், நேரே ஒருங்குறியில் தட்டியவரின் உரையிலும் இந்த வேறுபாடு தங்கிவிடலாம். 'ஸ்ரீ' யையும் இரண்டு குறியீட்டில் எழுதலாம். உங்கள் சொந்தப் பெயர்க் கட்டுரைகளிலும் புனைபெயர்ப் பதிவுகளிலும் இதே அபூர்வக் கலவை இருந்தால், எழுத்து நடையை ஆராயத் தேவையே இல்லை.

செய்ய வேண்டியவை இவ்வளவுதான். புனைபெயருக்கு வேறு தளக்கோலத்தைப் பயன்படுத்துங்கள். மாதப் பெயர், பிறமொழிச் சொல், 'இற்கு, க்கு' போன்றவற்றுக்கு ஒரு பக்க நடைவிதி எழுதி, சொந்தப் பெயரில் எழுதும் முறையிலிருந்து அதை வேறாக்குங்கள். நீங்கள் அடிக்கடி சொல்லும் பழமொழி, வழக்கமான முடிப்பு, உங்களுக்கே உரிய எழுத்துப் பிழை மூன்றையும் அடித்துவிடுங்கள். பேச்சு வழக்கை மேற்கோளுக்குள் மட்டும் விடுங்கள், அதையும் அடுத்த படியைப் படித்த பிறகு.

5. பேசியவரை மறைப்பது

வன்னியில் ஒரு கிராம அலுவலர் பிரிவு என்பது சில நூறு குடும்பங்கள். "பெயர் மாற்றப்பட்டுள்ளது" என்று அடியில் போடுவது அங்கே எதையும் மறைக்காது. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

"புதுக்குடியிருப்பில் தையல் கடை வைத்திருக்கும் கமலா (பெயர் மாற்றப்பட்டது), 2009 மே மாதம் வட்டுவாகலில் மூத்த மகனைக் கையளித்தவர். இரண்டு மகள்மார், ஒருவர் ஆசிரியை."

இதில் இடம், தொழில், நிகழ்ந்த இடம், எத்தனையாவது பிள்ளை, மகள்மாரின் எண்ணிக்கை, மகளின் தொழில் என்று ஆறு தகவல்கள். ஊரில் யாரும் தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஆளைச் சொல்லிவிடுவார்கள். இப்படி எழுதினால் என்ன குறையும்?

"2009 மே மாதம் வட்டுவாகலில் தன் பிள்ளையை இராணுவத்திடம் கையளித்த தாய் ஒருவர்."

குற்றச்சாட்டுக்குத் தேவையான மூன்றும், அதாவது காலம், இடம், கையளித்த செயல், அப்படியே இருக்கின்றன. போனது எல்லாம் அலங்காரம். அங்கே கையளித்த பெற்றோர் பலர் என்பதால் இந்த வாக்கியம் அவரைக் கூட்டத்துக்குள் வைக்கிறது. விதியாகச் சொன்னால், குற்றச்சாட்டுக்குத் தேவையான விவரத்தை விடாதீர்கள், ஆளை வர்ணிக்கும் விவரத்தில் ஒன்றுக்கு மேல் கொடுக்காதீர்கள். தகவலை மாற்றி எழுத மட்டும் வேண்டாம். தையல்காரியை மீன் வியாபாரி ஆக்கினால் அது பொய். பின்னொரு நாள் அது வெளிப்பட்டால் கையளிப்பையும் சேர்த்துப் பொய் என்பார்கள். விட்டுவிடலாம், மாற்றக்கூடாது.

ஒரு பதிவில் ஒன்று, அடுத்ததில் இன்னொன்று என்று சேர்ந்தும் ஆள் தெரிந்துவிடுவார். ஒவ்வொருவருக்கும் இதுவரை என்னென்ன வெளியிட்டோம் என்று குறியீட்டுப் பெயரில் ஒரு பட்டியல் வையுங்கள்.

சம்மதம் இரண்டு முறை வாங்குங்கள்: பேசும்போது ஒரு முறை, எழுதியதை வாசித்துக் காட்டி ஒரு முறை. இரண்டாவது முறைதான் "அந்த வரியை எடுத்துவிடு தம்பி" என்பார்கள். கேள்வி கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

தொடர்புக்கு சிக்னல். 2024 இலிருந்து அதில் பயனர் பெயர் வைத்து இலக்கத்தை மறைக்கலாம். அமைப்புகளில் "இலக்கத்தால் என்னைக் கண்டுபிடிக்கக்கூடியவர்" என்ற இடத்தில் "யாருமில்லை" என்று மாற்றி, செய்திகள் தானாக அழியும் காலத்தை ஒரு நாளாக வையுங்கள். உங்களோடு பேசிய அம்மாவிடம் இருப்பது பொத்தான் தொலைபேசி என்றால் தொலைபேசியில் எதையும் கதைக்க வேண்டாம். நேரில் போகும் ஒருவர் வழியாகப் பேசுங்கள், இல்லையென்றால் காத்திருங்கள்.

பணம் அனுப்பவே வேண்டாம். மனம் கேட்காது, தெரியும். ஆனால் வெளிநாட்டிலிருந்து ஒரு தாயின் கணக்குக்கு வரும் 20,000 ரூபா, 2005 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கப் பயங்கரவாத நிதியளிப்பு ஒடுக்கச் சட்டத்தின் கீழ் அவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்கக் காரணமாகலாம். "காசுக்குச் சொன்னவர்" என்று அவர் சொன்ன உண்மையையும் அது கெடுக்கும்.

6. படமும் கோப்பும்

கைபேசிப் படத்துக்குள் எடுத்த இடம், நேரம், கருவியின் வகை எல்லாம் பதிந்திருக்கும். 2012 டிசம்பரில் தலைமறைவாக இருந்த ஜோன் மக்கஃபீ குவாத்தமாலாவில் இருப்பது, ஒரு சஞ்சிகை இணையத்தில் போட்ட ஒரே படத்தின் உள்தகவலால் தெரிந்தது. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இவை நீங்கும், கோப்பாக அனுப்பினால் நீங்காது. இந்த இரண்டையும் குழப்பாதீர்கள்.

மூலப் படத்தை அழிக்கவும் வேண்டாம். நாளை நீதிமன்றத்திலோ ஐநாவிலோ அதுதான் சான்று. மூலத்தை வெராக்ரிப்ட் என்ற மென்பொருளின் பெட்டகத்தில் பூட்டி, அதன் எஸ்எச்ஏ-256 சுருக்கக் குறியீட்டை (கோப்பின் விரல் ரேகை போன்றது) குறித்து வையுங்கள். டெயில்ஸில் உள்ள மெட்டாடேட்டா கிளீனரில் துடைத்த பிரதியை மட்டும் ஏற்றுங்கள். குறியீட்டைப் பதிவின் அடியில் போட்டால், படம் அன்றே உங்களிடம் இருந்தது என்று பின்னர் காட்டலாம்.

முகத்தை மங்கலாக்க வேண்டாம், முழுக் கறுப்புப் பெட்டி போடுங்கள். மங்கல் சில நேரம் மீட்கப்படும். பிடிஎஃப் இல் கறுப்புப் பெட்டி போட்டால் அடியில் எழுத்து அப்படியே இருக்கும், இழுத்துப் பிரதி எடுத்தால் வந்துவிடும். பக்கத்தைப் படமாக்கிய பின் கறுப்படியுங்கள். அலுவலகத்திலிருந்து கசிந்த தாளை வருடி (ஸ்கேன் செய்து) அப்படியே போடாதீர்கள். பல நிற லேசர் அச்சுப்பொறிகள் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளால் தம் தொடரிலக்கத்தையும் நேரத்தையும் பதிக்கின்றன. தாளில் உள்ளதைத் தட்டச்சு செய்து போடுவதே நல்லது.

7. நம்ப வைக்கும் ஆவணங்கள்: எங்கே, எவ்வளவு, எத்தனை நாள்

*வர்த்தமானி.* இணையத்தில் இலவசம். இலக்கமும் திகதியும் இல்லாமல் "வர்த்தமானி வந்துவிட்டதாம்" என்று எழுதாதீர்கள். 2025 மார்ச் 28 ஆம் திகதியிட்ட 2430 ஆம் இலக்க வர்த்தமானி, மூன்று மாதத்துக்குள் உரிமை கோராத வடக்குக் காணிகள் அரசுக்குரியதாகும் என்ற நிலையை உண்டாக்கியபோது, சமூக ஊடகம் முழுக்கக் கோபம் இருந்தது. மக்களுக்கு உதவியது எந்தக் கிராமம், எந்தக் காணி, எந்த நாள் கடைசி என்று எழுதியவர்கள்தான். வர்த்தமானியில் தேடும்போது ஊரின் தமிழ்ப் பெயர், சிங்களப் பெயர் இரண்டையும் போடுங்கள். மணலாறு என்று தேடினால் வராதது வெலிஓயா என்று தேடினால் வரும்.

*தகவல் அறியும் உரிமை.* 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். விண்ணப்பக் கட்டணம் இல்லை, காரணமும் சொல்லத் தேவையில்லை. ஆணைக்குழுவின் கட்டண விதிப்படி ஏ4 பிரதியில் முதல் நான்கு பக்கம் இலவசம், அதற்கு மேல் பக்கத்துக்கு 2 ரூபா. தகவல் அலுவலர் 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அவருக்கு மூன்று வாரம். அதற்கும் பிறகு இரண்டு மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். தேசிய பாதுகாப்பு என்று சொல்லி மறுத்தால் கடைசிவரை போக ஆறு மாதத்தைக் கணக்கில் வையுங்கள்.

பொறி இங்கேதான் இருக்கிறது. விண்ணப்பம் குடிமகனின் பெயரிலும் முகவரியிலும் போக வேண்டும். நீங்கள் கேட்ட தகவல் இரண்டு வாரத்தில் புனைபெயர்த் தளத்தில் வந்தால், பிரதேச செயலகத்தில் உள்ள எவருக்கும் ஆள் யார் என்று தெரிந்துவிடும். முக்கால் பங்கு உறுப்பினர் குடிமக்களாக உள்ள அமைப்பும் இந்தச் சட்டத்தில் விண்ணப்பிக்கலாம். மீனவர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்றின் வழியாகக் கேளுங்கள். விடையை அவர்கள் முதலில் பகிரங்கமாக வெளியிடட்டும், நீங்கள் அதை மேற்கோள் காட்டுங்கள்.

*செய்மதிப் படம்.* சென்டினல்-2 படங்கள் ஐந்து நாளுக்கு ஒரு முறை கிடைக்கும், இலவசம். படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீற்றர். காடு வெட்டப்பட்டதும் புதிய பாதையும் தெரியும், காவலரண் தெரியாது. தெரியாததைத் தெரிவதாகச் சொன்னால் ஒரே நாளில் பெயர் போய்விடும். கட்டடம் பார்க்க கூகுள் எர்த்தின் பழைய படங்களை எடுத்து, படத்தில் உள்ள திகதியைக் கட்டாயம் போடுங்கள்.

மேற்கோள் காட்டும் ஒவ்வொரு இணையப் பக்கத்தையும் அன்றே இணையக் காப்பகமான வேபேக் மெஷினில் சேமித்து அந்தச் சுட்டியையும் கொடுங்கள். திணைக்களப் பக்கங்கள் சொல்லாமல் மறையும்.

8. எண்ணைச் சொல்லும் விதம்

நம்பிக்கை உடைவது பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணில். 146,679 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். "146,679 பேர் கொல்லப்பட்டார்கள்" என்று எழுதுபவர்கள் ஏராளம். மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில், போருக்குப் பின் அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு முன் வைத்தது அதுவல்ல. 2008 ஒக்டோபரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு கச்சேரிகளின் (மாவட்டச் செயலகங்களின்) கணக்கில் வன்னியில் இருந்தோர் 429,059. ஐநா கணக்கில் அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தோர் 282,380. வித்தியாசம் 146,679, "இவர்களுக்கு என்ன நடந்தது?" என்பதே அவர் கேட்ட கேள்வி. இந்தக் கழித்தலைக் காட்டி எழுதினால் எதிர்த்து வாதாடுபவர் அரசின் கச்சேரிக் கணக்கோடும் ஐநா கணக்கோடும்தான் வாதாட வேண்டும். "கொல்லப்பட்டார்கள்" என்று போட்டால் உங்களோடு வாதாடி வென்றுவிடுவார். ஐநா செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் சொன்ன 40,000 உம் "வரை இருக்கலாம்" என்ற சொல்லோடு வந்தது. அந்தச் சொல்லை விழுங்காதீர்கள்.

அளவிலும் கவனம். யாழ்ப்பாணத்தில் காணி பரப்புக் கணக்கு. ஒரு பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு ஓர் ஏக்கர். தமிழ்நாட்டிலிருந்து எழுதுபவர் "சென்ட்" என்றோ, பிரதேச செயலாளரைத் "தாசில்தார்" என்றோ, கச்சேரியை "ஆட்சியர் அலுவலகம்" என்றோ எழுதினால், ஊர்க்காரர் அந்த வரியோடு மூடிவிடுவார். தெரியாவிட்டால் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் பதிவை வாசிக்கக் கொடுங்கள்.

9. வெளியிடும் நேரம்

சம்பவ இடத்தில் நின்றபடி பதிவிட வேண்டாம். ஐந்து பேர் நின்ற இடத்தைப் பற்றி அன்றிரவே பதிவு வந்தால் ஐவரில் நீங்கள் ஒருவர். ஏழு முதல் பத்து நாள் விடுங்கள். அதற்குள் செய்தித்தாள்களிலும் வந்துவிட்டால் இன்னும் நல்லது, உங்கள் தகவல் கூட்டத்தில் கலந்துவிடும். உயிர் ஆபத்து உடனே தெரிய வேண்டிய செய்தி என்றால் அது உங்கள் தளத்துக்கு உரியதல்ல. சட்டத்தரணிக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் சொல்லுங்கள்.

எழுதி முடித்ததும் ஏற்றாமல், வாரத்தில் ஒரே நாள் ஒரே நேரத்துக்கு அட்டவணை போடுங்கள். பதிவு நேரங்களை வரைந்து பார்த்தால் நீங்கள் தூங்கும் நேரமும் பள்ளி விடுமுறையும் தெரியும். யாராவது கைதானபோது பதிவும் நின்றுபோனால் அதுவே விடை. இரண்டு மாதத்துக்கான பதிவுகளை எப்போதும் கையிருப்பில் வையுங்கள்.

10. பெயரில்லாத ஒருவர் எப்படி நம்பிக்கை சேர்ப்பது

2011 இல் டமாஸ்கஸிலிருந்து எழுதும் இளம்பெண் என்று உலகம் நம்பிய "அமினா", எடின்பரோவில் படித்துக்கொண்டிருந்த ஓர் அமெரிக்க ஆண் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு சிரியாவில் உண்மையாகவே ஆபத்தில் இருந்து எழுதியவர்களைத்தான் சந்தேகித்தார்கள். 2014 இலிருந்து மொசூலில் ஐஎஸ் ஆட்சிக்குள் இருந்து "மொசூல் ஐ" என்ற பெயரில் எழுதிய வரலாற்றாசிரியர் ஒமர் முகமது, 2017 டிசம்பரில் தன் பெயரை வெளியிடும்வரை பெயரில்லாமல்தான் நம்பப்பட்டார். முன்னவர் பெயரை மட்டும் மறைக்கவில்லை, இல்லாத ஆளையே படைத்தார். உங்கள் அறிமுகப் பக்கத்தில் பொய் ஒன்றும் வேண்டாம். "புனைபெயரில் எழுதுகிறேன். காரணம் பாதுகாப்பு. ஊரில் வசிப்பதாகவோ வசிக்கவில்லை என்றோ சொல்லமாட்டேன்" என்றால் போதும். வேறொருவர் படத்தை முகப்பில் வைக்காதீர்கள்.

ஒவ்வொரு தகவலுக்கும் மூன்றில் ஒரு முத்திரை கொடுங்கள்: கண்டது, ஆவணத்தில் உள்ளது, கேட்டது. கேட்டது என்றால் ஒருவரிடமா, ஒருவரையொருவர் அறியாத இருவரிடமா என்பதையும் சொல்லுங்கள். குற்றம் சாட்டப்படும் தரப்புக்குப் புனைபெயர் மின்னஞ்சலில் கேள்வி அனுப்பி 72 மணித்தியாலம் கொடுங்கள். பதில் வராவிட்டால் கேட்ட திகதியோடு அதை எழுதுங்கள்.

பிழை வரும். வந்தால் பதிவை அழிக்காதீர்கள். மேலே திகதி போட்டு, என்ன தவறு, எது சரி என்று இரண்டு வரி எழுதுங்கள். சிங்கள, முஸ்லிம் மக்களுக்கு நடந்ததையும் அதே அளவுகோலால் எழுதுங்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் காணிப் பிரச்சினையைத் தொடாமல் வடக்குக் காணியைப் பற்றி ஒரு வருடம் எழுதினால், உங்கள் மௌனத்தையும் வாசகர் கணக்கில் எடுப்பார்.

பிஜிபி சாவி (மின் கையொப்பம் இடும் சாவிச் சோடி) ஒன்று உருவாக்கி முதல் நாளிலேயே பொதுச்சாவியை வெளியிடுங்கள். தளம் பறிபோய் வேறிடத்தில் தொடங்கினால், எழுதுவது அதே ஆள்தான் என்று கையொப்பம் காட்டும். உங்கள் பெயரில் போலி எழுதுபவரையும் அது தடுக்கும்.

11. அழைப்பு வந்தால்

பயங்கரவாதம் பற்றி விசாரிக்கும் பொலிஸ் பிரிவிலிருந்து தொலைபேசியில் "ஒருக்கா வந்துவிட்டுப் போங்கோ" என்றால், எழுத்தில் அழைப்பாணை கேளுங்கள். தனியே போகாதீர்கள். போவதற்கு முன் சட்டத்தரணிக்கும், யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை, கல்முனை ஆகியவற்றில் உங்களுக்கு அருகில் உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். அவசர இலக்கம் 1996. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைது செய்தால் 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். குடும்பத்தார் அந்த இலக்கத்தை மனப்பாடமாக வைத்திருக்கட்டும், கைபேசி அவர்களிடம் இருக்காமலும் போகலாம்.

இதற்கு முன்னேற்பாடாக, நாட்டுக்கு வெளியே உள்ள நம்பிக்கையான ஒருவரிடம் தளத்தை மூடும் அதிகாரத்தை மட்டும் கொடுத்து வையுங்கள். பேசியவர்களின் பட்டியலும் மூலப் படங்களும் உள்ள பெட்டகத்தின் கடவுச்சொல் அவருக்கும் தெரியக்கூடாது. குறித்த நாளில் உங்களிடமிருந்து சொல் வராவிட்டால் அவர் முதலில் செய்ய வேண்டியது அறிக்கை விடுவது அல்ல. பேசியவர்களுக்கு, முன்பே பேசி வைத்த ஆள் வழியாக, "கொஞ்ச நாள் யாரோடும் கதைக்க வேண்டாம்" என்று சொல்லி அனுப்புவது.